இருபது நிமிடத்தை எங்கே வாங்கலாம்? அதிவேக ரயிலும் வட்டாரப் பாதையும்

60 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் அதை 12 நிமிடத்தில் கடக்கும். வேகத்தை 350 ஆக்கினால் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. மிச்சம் இரண்டு நிமிடம்கூடத் தேறாது. அதே 60 கிலோமீட்டரை ஒரு பழைய பாசஞ்சர் வண்டி நின்று நின்று, சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தச் சராசரியை 80 ஆக்கினால் முக்கால் மணி நேரம். மிச்சம் 45 நிமிடம்.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது பத்திரிகையின் முதல் பக்கத்தில் வரும் வேகம் இல்லை. அதற்குக் கொடியசைக்க எந்தப் பிரதமரும் வரமாட்டார். ஆனால் ரயிலுக்கென்று ஒரு பெரிய தொகை கையில் இருந்து, அதை எங்கே போடுவது என்று ஓர் அரசு கேட்டால், நான் முதலில் எடுத்து வைப்பது இந்தக் கணக்கைத்தான்.

பொதுவாக முன்னால் மூன்று வழிகள் இருக்கும். இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே அடியோடு புதிதாக ஓர் அதிவேகப் பாதை போடுவது ஒன்று. இருக்கும் பிரதான பாதையிலேயே வளைவை நிமிர்த்தி, சிக்னலை மாற்றி, கூடுதல் தடம் போட்டு வேகமாக்குவது இன்னொன்று. மூன்றாவது, வட்டாரப் பாதைகள்: மூடிக்கிடக்கும் கிளைப்பாதையைத் திறப்பது, ஒற்றைப் பாதையை இரட்டையாக்குவது, மின்மயமாக்குவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று ஓடும் வண்டியை அரை மணிக்கு ஒன்றாக்குவது. என் சாய்வு மூன்றாவது பக்கம். நடுவர் வேடம் போடப் போவதில்லை. ஆனால் அதிவேக ரயிலை எதிர்ப்பவர்கள் பேசுவதெல்லாம் சரி என்றும் நினைக்கவில்லை. அதில் சில வாதங்கள் தொட்டாலே உதிர்ந்துவிடும்.

அதிவேக ரயில் ஜெயித்த கதையிலிருந்தே தொடங்கலாம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே ஜப்பானின் முதல் அதிவேக ரயிலான ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1-ல் ஓடத் தொடங்கியது. 515 கிலோமீட்டர். செலவு மதிப்பீட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்தத் திட்டத்தைப் பிடிவாதமாகக் கொண்டுவந்த ஜப்பான் தேசிய ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜி, திறப்பு விழாவுக்கு முந்தைய வருடமே பதவி விலகினார். இருந்தும் அந்தப் பாதை ஜெயித்தது. காரணம் வேகம் மட்டுமல்ல. அந்த இரு நகரங்களுக்கும் நடுவே இருந்த பழைய தொகைடோ பாதை அதற்கு முன்பே பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. நாட்டின் மொத்தப் பாதை நீளத்தில் சுமார் 3 சதவீதமே இருந்த தடம், ரயில் போக்குவரத்தில் ஏறக்குறைய கால்வாசியைச் சுமந்தது. இன்னொரு வண்டியை நுழைக்க இடமில்லை. புதிதாகத் தடம் போட்டே ஆக வேண்டும். போடுவதை வேகமானதாகப் போட்டார்கள்.

1981-ல் வந்த பாரிஸ்–லியோன் பாதையும் அப்படித்தான். பழைய பாதை நிரம்பியிருந்தது. இரு முனையிலும் பெரிய நகரங்கள். அதோடு, பிரெஞ்சுக்காரர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். புதுத் தண்டவாளத்தை வயல்வெளியில் மட்டும் போட்டு, ஊருக்குள் நுழையப் பழைய தண்டவாளத்தையே பயன்படுத்தினார்கள். அதே வண்டி, அதிவேகப் பாதை முடிந்த இடத்தில் சாதாரணப் பாதையில் இறங்கித் தொடர்ந்து ஓடும்.

ஆக, இருக்கும் பாதை உண்மையிலேயே நிரம்பியிருக்க வேண்டும். ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இரண்டு பெரிய நகரங்கள் இருக்க வேண்டும். புது வண்டி பழைய தண்டவாளத்திலும் ஏறி ஊர் நடுவே போய் நிற்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த இடத்தில் நான் அதிவேக ரயிலை எதிர்க்க மாட்டேன். சிக்கல் என்னவென்றால், அப்படி அமைந்த இடங்களில் பல நாடுகள் முதல் பாதையைப் போட்டு முடித்துவிட்டன. அடுத்து வருவதெல்லாம் முதல் பாதையின் வெற்றியைக் காட்டி விற்கப்படும் இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது பாதைகள்.

நேர்கோட்டின் விலை

பிரிட்டனின் எச்எஸ்2 (ஹை ஸ்பீட் 2) என்ற அதிவேக ரயில் திட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2012-ல் அரசு பச்சைக்கொடி காட்டியபோது வரைபடம் ஆங்கில ஒய் எழுத்துபோல் இருந்தது. லண்டனிலிருந்து பர்மிங்ஹாம், அங்கிருந்து ஒரு கை மான்செஸ்டருக்கு, ஒரு கை லீட்ஸுக்கு. மதிப்பீடு சுமார் 3,270 கோடி பவுண்டு. 2020-ல் ஓக்கர்வீ ஆய்வுக் குழு, செலவு 10,600 கோடி பவுண்டு வரை போகலாம் என்றது. 2021-ல் லீட்ஸ் கை போனது. 2023 அக்டோபரில் பிரதமர் ரிஷி சுனக் மான்செஸ்டர் கையையும் வெட்டினார். அதை அவர் அறிவித்தது மான்செஸ்டரிலேயே நடந்த கட்சி மாநாட்டில். மாநாட்டு அரங்கம் 1969 வரை ரயில் நிலையமாக இருந்த கட்டடம். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு காட்சி வைத்தால் நம்பமாட்டோம்.

இப்போது மிஞ்சியிருப்பது லண்டன்–பர்மிங்ஹாம், சுமார் 225 கிலோமீட்டர். 2026-ல் ஓடத் தொடங்கும் என்று சொல்லப்பட்ட பாதை. 2033-க்குள்கூட முடியாது என்று 2025-ல் போக்குவரத்து அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு நிர்வாகக் கோளாறு, ஒப்பந்தக் கோளாறு என்று நிறையக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அடிப்படையாகப் படுவது வேறு. அந்தப் பாதையை மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்தார்கள். வேகம் ஏற ஏற வளைவு விரிந்துகொண்டே போக வேண்டும். 300-க்கு மேல் போகும் வண்டிக்கு வளைவின் ஆரமே பல கிலோமீட்டர் ஆகிவிடும். சாதாரணப் பாதையாக இருந்தால் ஒரு குன்றையோ காட்டையோ ஊரையோ ஒதுங்கிச் சுற்றிப் போகலாம். இங்கே முடியாது. குடைய வேண்டும், வெட்ட வேண்டும், அல்லது இழப்பீடு கொடுக்க வேண்டும். பக்கிங்ஹாம்ஷைரில் ஷீப்ஹவுஸ் வுட் என்ற காட்டோரம் வண்டியில் வௌவால்கள் மோதாமல் இருக்க ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூண்டு கட்டுகிறார்கள். செலவு 10 கோடி பவுண்டுக்கு மேல். பத்திரிகைகள் வௌவாலைக் கேலி செய்தன. வௌவால் என்ன செய்யும், பாவம்? அது இருந்த இடத்தில் இருந்தது. கோடுதான் வளையத் தெரியாமல் அதன் வீட்டு வாசலுக்கு வந்தது.

அதிவேக ரயில் ஆதரவாளர்களின் வலுவான வாதம் இங்கேதான் வருகிறது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். “இது வேகத்துக்கான பாதையே இல்லை, இடத்துக்கான பாதை” என்பார்கள். ஒரே தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸும், ஊருக்கு ஊர் நிற்கும் பாசஞ்சரும், சரக்கு வண்டியும் ஓடும்போது, வேகமான வண்டிக்கு வழிவிட மெதுவான வண்டி லூப் லைன் என்ற பக்கத் தடத்தில் ஒதுங்கிக் கிடக்கும். எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் எத்தனை விடலாமோ, அதைவிடக் குறைவாகத்தான் இந்தக் கலவையில் விட முடியும். எக்ஸ்பிரஸ்களைப் புதுப் பாதைக்கு மாற்றினால் பழைய பாதை காலியாகி, வட்டார ரயில்களுக்கு இடம் கிடைக்கும். வாதம் சரி. பொறியியல் ரீதியாக மறுக்க எதுவுமில்லை.

ஆனால் அது முழுப் பாதையும் கட்டி முடிந்தால்தான் சரி. பாதி கட்டி நிறுத்திய எச்எஸ்2-வில் என்ன நடக்கப்போகிறது என்று பாருங்கள். மான்செஸ்டர் போகும் அதிவேக வண்டி, பர்மிங்ஹாமுக்கு வடக்கே பழைய பாதையில் இறங்க வேண்டும். அங்கே ஏற்கெனவே நெரிசல். இப்போது அந்தப் பாதையில் ஓடும் பெண்டோலினோ வண்டிகள் வளைவில் உடம்பைச் சாய்த்து வேகம் குறையாமல் போகக்கூடியவை. புது எச்எஸ்2 வண்டிகளுக்குச் சாயத் தெரியாது. அதனால் பழைய பாதையில் அவை பழைய வண்டியைவிட மெதுவாகப் போக வேண்டிவரும். ஒரு வண்டிக்கான இருக்கையும் குறையக்கூடும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024-ல் சுட்டிக்காட்டியது. இடத்துக்காகக் கட்டிய பாதையில் இடம் குறைகிறது.

பெரிய ஒற்றைத் திட்டத்தில் இருக்கும் ஆபத்து இதுதான். பத்து வட்டாரப் பாதைகளை எடுத்து நாலை முடித்து மீதியைக் கைவிட்டால், நாலு ஊருக்கு ரயில் இருக்கும். 500 கிலோமீட்டர் அதிவேகப் பாதையில் 200-ஐ முடித்துக் கைவிட்டால் கையில் இருப்பது வாக்குறுதியின் பாதிகூட இல்லை. கலிபோர்னியாவின் அதிவேக ரயில் திட்டத்திலும் அதே கதைதான்: 2008-ல் வாக்காளர்களிடம் சொன்னது சுமார் 3,300 கோடி டாலர், 2024 மதிப்பீடு 8,900 கோடியிலிருந்து 12,800 கோடி டாலர் வரை, முதலில் கட்டுவது மெர்செட்–பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற நடுத்துண்டு. அந்தத் திட்டத்தின் பணத்தில் ஒரு பகுதி சான் பிரான்சிஸ்கோ–சான் ஹோசே வட்டார ரயிலை மின்மயமாக்கப் போனது. 2024 செப்டம்பரில் மின்சார வண்டிகள் ஓடவும் தொடங்கிவிட்டன. மொத்தச் செலவு சுமார் 240 கோடி டாலர்.

வயல் நடுவே ஒரு நிலையம்

பிரான்ஸின் வடக்கே டிஜிவி (பிரெஞ்சு அதிவேக ரயில்) ஓட்-பிக்கார்டி என்று ஒரு நிலையம் 1994-ல் திறந்தது. மக்கள் வைத்த பெயர் ‘பீட்ரூட் ஸ்டேஷன்’. அமியென், சான்-கான்டான் என்ற இரண்டு நகரங்களுக்கு நடுவே, இரண்டிலும் சேராமல், சர்க்கரைக் கிழங்கு விளையும் வயலில் நிற்கிறது. இறங்கினால் சுற்றிலும் கார் நிறுத்துமிடம், அதற்கப்பால் வயல். அந்தப் பகுதியின் சாதாரண ரயில் எதுவும் அங்கே வராது. கார் வைத்திருப்பவர் காரில் வரலாம். இல்லாதவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். பாரிஸிலிருந்து லீல் போகும் வண்டியின் வேகத்தைக் காப்பாற்ற, நடுவில் இருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறுதல் பரிசு.

ஸ்பெயினில் குவெங்கா கதை இன்னும் சிக்கலானது. மலைமேல் இருக்கும் சிறு நகரம். பழைய ரயிலில் மாட்ரிட் போக மூன்று மணி நேரம் ஆகும். 2010 டிசம்பரில் மாட்ரிட்–வலென்சியா அதிவேகப் பாதை வந்தது. பயணம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. குவெங்காக்காரர் கண்ணுக்கு இது வரம்தான், அதை மறுக்க மாட்டேன். புது நிலையம் ஊருக்கு வெளியே சுமார் 5 கிலோமீட்டர், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய பாதைக்குப் பராமரிப்புப் பணம் வற்றியது, வண்டி குறைந்தது, ஆள் குறைந்தது. ஆள் இல்லை என்று சொல்லி 2022 ஜூலையில் அரங்குவெஸ்–உத்தியேல் பகுதியை மூடிவிட்டார்கள். குவெங்காவுக்கு மிச்சமான இரண்டு மணி நேரம், வழியில் இருந்த சின்ன ஊர்களுக்கு ரயிலே இல்லாமல் போன கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. லாபக் கணக்கைச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அதே பக்கத்தில் இன்னொன்று: டொலேடோவிலிருந்து குவெங்கா வழியாக அல்பசெத்தேவுக்கு நேரடி அதிவேக வண்டி ஒன்று விட்டார்கள். நாளைக்குச் சராசரியாக ஒன்பது பேர் ஏறினார்கள். ஆறு மாதத்தில், 2011 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

ஸ்பெயினின் மொத்தக் கணக்கை அந்நாட்டின் சுயேச்சை நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2020-ல் போட்டுக் காட்டியது. அதிவேகப் பாதைகளுக்கு ஏறக்குறைய 5,600 கோடி யூரோ. செர்கானியாஸ் எனப்படும் புறநகர் ரயில்களுக்கு 1990-லிருந்து 2018 வரை சுமார் 360 கோடி யூரோ. ரயில் பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் ஏறுவது இரண்டாவதில். ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2018-ல் பல நாட்டு அதிவேகப் பாதைகளைப் பார்த்துவிட்டு, பல இடங்களில் வண்டிகள் வடிவமைத்த வேகத்தில் சராசரியாக 45 சதவீதத்தில்தான் ஓடுகின்றன என்றது. 300-க்குக் காசு கொடுத்துவிட்டு 135-ல் போவது போலத்தான்.

ஜப்பானில் இதை ஒளிக்காமலே செய்கிறார்கள். புது ஷின்கான்சென் திறந்தால், அதற்குப் பக்கத்தில் ஓடும் பழைய பாதையை ரயில் நிறுவனம் கைகழுவி மாகாணங்களின் தலையில் கட்டலாம் என்பது அங்கே எழுதப்பட்ட ஏற்பாடு. 1997-ல் நகானோவுக்கு ஷின்கான்சென் வந்த அதே நேரத்தில் யோகோகாவா–கருய்சாவா மலைப்பாதை, 11 கிலோமீட்டர், முழுதாக மூடப்பட்டது.

இந்தியாவிலிருந்து ஒரு தேதிப் பொருத்தம். மும்பை–ஆமதாபாத் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டியது 2017 செப்டம்பர் 14. 508 கிலோமீட்டர், அப்போதைய மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். சரியாகப் பதினைந்து நாள் கழித்து, செப்டம்பர் 29 காலையில், மும்பை எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். “புல்லட் ரயில் பணத்தில் பாலம் கட்டியிருக்கலாமே” என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். இது நான் சொன்ன பலவீனமான வாதங்களில் ஒன்று. அந்தப் பணத்தில் 81 சதவீதம் ஜப்பான் அந்தத் திட்டத்துக்கென்றே கொடுக்கும் கடன், வட்டி 0.1 சதவீதம், 50 ஆண்டுத் தவணை. அதைப் பாலத்துக்குத் திருப்ப முடியாது. ஆனால் பணத்தைத் தவிர இன்னும் சில பொருள்களும் பற்றாக்குறையானவை: நல்ல பொறியாளர்கள், நிலம் எடுக்கும் அதிகாரிகளின் நேரம், அமைச்சரின் மேசையில் கோப்புக்குக் கிடைக்கும் இடம். பெரிய திட்டம் இவற்றை முதலில் சாப்பிடுகிறது.

கேரளத்தின் சில்வர்லைன் என்ற வேக ரயில் திட்ட விஷயத்தில் என்னை உறுத்தியது தண்டவாள அகலம். காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை 530 கிலோமீட்டர், 63,940 கோடி ரூபாய் மதிப்பீடு, அதுவும் நாட்டின் மற்ற பாதைகளோடு சேராத ஸ்டாண்டர்டு கேஜில். அதன் வண்டி எந்தப் பழைய நிலையத்துக்கும் வராது. பழைய வண்டி அதில் ஏறாது. பாரிஸ்–லியோன் ஜெயித்த காரணமே இங்கே இல்லை. 2022-ல் நிலம் அளக்க நட்ட மஞ்சள் கற்களை மக்கள் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தபோது, அதே மாநிலத்தில் ஏற்றுமானூருக்கும் சிங்ஙவனத்துக்கும் நடுவே சுமார் 17 கிலோமீட்டர் இரட்டைப் பாதை வேலை ஓசையில்லாமல் முடிந்தது. கோட்டயம் வழிப் பாதையில் ஒற்றைத் தடமாக மிஞ்சியிருந்த கடைசித் துண்டு அது. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட, கிராசிங்குக்காக நடுவழியில் நின்று நின்று போன வண்டிகளுக்கு அந்த 17 கிலோமீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஒருமுறையாவது ஜன்னலோரம் உட்கார்ந்து சிக்னலை வெறித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் அட்டவணை

மாற்று வழி என்றால் என்ன என்பதற்கு நான் காட்டுவது சுவிட்சர்லாந்து. “அது பணக்கார நாடு” என்று உடனே சொல்வார்கள். பணக்கார நாடு இன்னும் அதிகம் செலவழித்திருக்கலாம், செலவழிக்கவில்லை என்பதுதான் சேதி.

எழுபதுகளில் அங்கேயும் நாட்டின் குறுக்கே ஒரு அதிவேகப் பாதை போடத் திட்டம் இருந்தது. பாதை தொடாத மாகாணங்கள் எதிர்த்தன; திட்டம் எண்பதுகளில் செத்தது. அதற்குப் பதில் வந்தது ‘பான் 2000’. 1987 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்றது. அதன் கொள்கை: முடிந்த அளவு வேகம் வேண்டாம், தேவையான அளவு வேகம் போதும்.

தேவையான அளவு என்பது எது? ஒரு பெரிய நிலையத்தை மனதில் வையுங்கள். கடிகார முள் பன்னிரண்டை நெருங்கும் சில நிமிடங்களில் நாலா திசையிலிருந்தும் வண்டிகள் வந்து நிற்கின்றன. மக்கள் இறங்கி, பக்கத்து பிளாட்பாரத்துக்கு நடக்கிறார்கள். முள் பன்னிரண்டைத் தாண்டியதும் எல்லா வண்டியும் கலைந்து போகின்றன. அடுத்த மணியிலும் இதே காட்சி, நாள் முழுக்க. இந்த ஏற்பாட்டில் இரண்டு பெரிய நிலையங்களுக்கு நடுவே பயணம் ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். அப்போதுதான் இங்கே எட்டு மணிக் கூட்டத்திலிருந்து கிளம்பி அங்கே ஒன்பது மணிக் கூட்டத்தைப் பிடிக்கலாம். பெர்ன்–சூரிச் பயணம் ஒரு மணியைத் தாண்டியிருந்தது. அதற்காக மாட்ஸ்டெட்டென்–ரோத்ரிஸ்ட் இடையே 45 கிலோமீட்டர் மட்டும் புதுப் பாதை, மணிக்கு 200 கிலோமீட்டருக்குக் கட்டினார்கள். 2004 டிசம்பரில் திறந்தது; பயணம் 56 நிமிடமானது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னும் பல கோடி போட்டு 40 நிமிடமாக்கினாலும் பயன் இல்லை. சூரிச்சில் இறங்கியவர் இணைப்பு வண்டிக்காக மிச்சம் இருபது நிமிடமும் பிளாட்பாரத்தில்தான் நிற்பார்.

அந்த முதல் கட்டம் 740 கோடி பிராங்க் ஒதுக்கீட்டுக்குள், ஏறக்குறைய 590 கோடியில் முடிந்தது. முதலில் ஒழுங்கமைப்பு (அட்டவணை போன்றவை), அதற்குப் பிறகு மின்னணு (சிக்னல் போன்றவை), கடைசியாகக் கான்கிரீட் என்று ஜெர்மன் பேசும் ரயில்காரர்களிடம் ஒரு சொலவடை உண்டு. பல நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் கான்கிரீட் ஊற்றிவிட்டு, அதன்மேல் எந்த வண்டி எத்தனை மணிக்கு ஓடும் என்று பிறகு யோசிக்கின்றன.

சரி, நடுவழியான இரண்டாவது தேர்வு என்ன ஆனது? இருக்கும் பிரதான பாதையைச் செப்பனிடுவது காகிதத்தில் மலிவு. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டவாளத்தைப் பிரிக்க வேண்டும். பிரிட்டனின் மேற்குக் கரைப் பிரதான பாதையை 2008 வரை இப்படிப் புதுப்பித்தார்கள். மணிக்கு 225 கிலோமீட்டர் என்று சொல்லித் தொடங்கி 200-ல் முடிந்தது. செலவு ஏறக்குறைய 900 கோடி பவுண்டு, தொடக்க மதிப்பீட்டைவிடப் பல மடங்கு. எச்எஸ்2 பிறந்ததே இந்த அனுபவத்தில் சூடுபட்டவர்கள் “இனிப் பழையதைத் தொடவே கூடாது” என்று முடிவு கட்டியதால்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆகவே இரண்டாவது வழியை நான் மொத்தமாகப் பரிந்துரைக்க மாட்டேன். நெரிசல் முடிச்சு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், துண்டு துண்டாக.

வட்டாரப் பாதைக்கு வருவோம். இங்கிலாந்தின் தென்மேற்கில் ஓக்கெஹாம்ப்டன் என்ற சிற்றூருக்கு 1972-ல் வழக்கமான பயணிகள் ரயில் நின்றது. தண்டவாளம் மட்டும் கல் குவாரிக்காக மிஞ்சியிருந்தது. 2021-ல் சுமார் 24,000 கான்கிரீட் ஸ்லீப்பர்களை மாற்றிப் போட்டு, ஒன்பதே மாத வேலையில், நவம்பரில் எக்ஸெட்டருக்கு வண்டி விட்டார்கள். சுமார் 4 கோடி பவுண்டு. ஒதுக்கியதில் ஒரு கோடி மிச்சம். முதலில் இரண்டு மணிக்கு ஒரு வண்டி, ஆறு மாதத்தில் மணிக்கு ஒன்று. தண்டவாளம் இருந்ததால் மலிவாக முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் இந்த விலைக்குக் கிடைக்காது. நார்தம்பர்லாந்தில் ஆஷிங்டன்–நியூகாஸில் பாதை 60 ஆண்டுக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தபோது, 16.6 கோடி பவுண்டு மதிப்பீடு ஏறக்குறைய 30 கோடியை எட்டியிருந்தது. வட்டாரத் திட்டமும் வரம்பு மீறும். ஆனால் அந்த மீறல் ஓர் அரசின் பட்ஜெட்டைப் புரட்டிப் போடாது.

எதிர்ப்பக்கத்தின் இன்னொரு வாதம் கசப்பானது, ஆனால் கேட்க வேண்டியது. பிரான்ஸில் 2018-ல் ஸ்பினெட்டா அறிக்கை, சுமார் 9,000 கிலோமீட்டர் சிறு பாதைகள் மொத்தப் பயணிகளில் 2 சதவீதத்தை மட்டும் சுமந்து ஆண்டுக்கு 170 கோடி யூரோ தின்கின்றன என்று கணக்குக் காட்டியது. மூடச் சொன்னது, அரசு ஏற்கவில்லை. அதில் சில பாதைகளுக்கு நல்ல பஸ்ஸே போதும் என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் நாளைக்கு நாலு வண்டி, அதுவும் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓடும் வண்டி என்று விட்டுவிட்டு, ஆள் ஏறவில்லை என்று எண்ணுவது எப்படிச் சரியாகும்? தண்ணீர் ஊற்றாமல் வைத்த செடியை எடைபோடுகிற வேலை அது. அதே பிரான்ஸில் 2013 ஜூலையில் பாரிஸுக்குத் தெற்கே பிரெத்தின்யி நிலையத்தில், தண்டவாளத்தை இணைக்கும் இரும்புப் பட்டை போல்ட் கழன்று பெயர்ந்து வண்டி தடம்புரண்டது. ஏழு பேர் செத்தார்கள். உலகமே அதிவேக ரயிலுக்கு உதாரணம் காட்டும் நாட்டில், சாதாரணப் பாதையின் ஒரு போல்ட். நான்கு ஆண்டு கழித்து, போர்தோவுக்கும் ரென்னுக்கும் புது அதிவேகப் பாதைகளைத் திறந்துவைத்த விழாவிலேயே, இனி முன்னுரிமை அன்றாடப் போக்குவரத்துக்கு என்று அதிபர் மாக்ரோன் சொன்னார்.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்தால், வரைபடத்தை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு நேர அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். திறக்கும் நாளில் நடுவில் உள்ள ஊரிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவர் வேலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார், இன்றைக்கு எத்தனை மணிக்குச் சேருகிறார்? பாதியில் பணம் நின்றால் கட்டி முடித்த துண்டில் எந்த வண்டி ஓடும்? பழைய பாதையில் இன்று ஓடும் வண்டிகளில் எவை நிறுத்தப்படும், அது எழுத்தில் இருக்கிறதா? இதற்குப் பதில் இல்லாத திட்டத்துக்கு என் ஓட்டு இல்லை.

வட்டாரப் பாதை என்று முடிவானால் ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை 1969-ல் மூடிய பாதையை 2015-ல் மறுபடி திறந்தார்கள். சுமார் 48 கிலோமீட்டர், 29.4 கோடி பவுண்டு. முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பயணங்கள். ஆனால் செலவைக் குறைக்கப் பெரும்பகுதியை ஒற்றைத் தடமாகவே போட்டார்கள், புதுப் பாலங்களில் சிலவற்றை ஒரு தடத்தின் அகலத்துக்கே கட்டினார்கள். ஒரு வண்டி தாமதமானால் எதிர் வண்டியும் தாமதமாகிறது. இன்னொரு தடம் போடலாம் என்றால் பாலத்தை இடிக்க வேண்டும். தண்டவாளத்தை இன்று ஒன்றாகப் போட்டாலும், பாலத்தை இரண்டுக்குக் கட்டிவிடுங்கள்.